ஐந்தடி எட்டங்குல பாயிண்ட் கார்டுக்கு யார் இடம் தருவார்?

என்பிஏ டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்த அமெரிக்கக் கல்லூரி வீரர்கள் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ள, மே மாத இறுதியில் என்சிஏஏ ஒரு கெடு வைக்கிறது. அந்த நாளைத் தாண்டியவர் கல்லூரி ஆட்டத்துக்குத் திரும்புவது வழக்கமாக நடப்பதில்லை. இந்தக் கெடு நெருங்கும்போது நமக்கு வரும் கடிதங்களில் ஒரே குழப்பம் திரும்பத் திரும்பத் தெரிகிறது. ஐந்தடி எட்டங்குலமே உள்ள ஒரு பாயிண்ட் கார்ட், கல்லூரியில் எவ்வளவு நன்றாக ஆடினாலும், தொழில்முறைக் கூடைப்பந்துக்குப் போக முடியுமா? அமெரிக்காவில் முடியாவிட்டால் ஆசியாவில் முடியுமா? ‘ஹெரிட்டேஜ்’ என்கிறார்களே, அது பினாங்குப் பையனுக்கு உதவுமா, தடையா? மூன்றையும் ஒரே கேள்வியாக எண்ணி எழுதுகிறார்கள். முதல் கேள்விக்கான விடை உயரத்தில் இருக்கிறது. மற்ற இரண்டுக்கும் விடை லீக்குகளின் விதிப்புத்தகத்தில் இருக்கிறது. அந்த இரண்டைப் பற்றி நம் ஊரில் யாரும் அதிகம் பேசுவதில்லை என்பதால், இந்தக் கட்டுரை அங்கேதான் நிற்கப்போகிறது.

என்பிஏ பற்றிய விடை சுருக்கமானது. 30 அணிகள், அணிக்கு 15 நிலையான இடங்கள், அதற்கு மேல் மூன்று இருவழி ஒப்பந்தங்கள். இருவழி ஒப்பந்தம் என்றால், என்பிஏ வீரர் என்று அறிவிக்கப்பட்டு, பெரும்பாலும் அதன் வளர்ச்சி லீக்கான ஜி லீக்கில் ஆடி, புதிய வீரருக்கான குறைந்தபட்சச் சம்பளத்தில் பாதியைப் பெறுவது என்று பொருள். கல்லூரிகள் அச்சிடும் உயரத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். காலணியோடு அளந்த எண்கள் நெடுங்காலம் புழங்கியதால்தான் 2019இல் என்பிஏ, காலணி இல்லாத உயரத்தையே அணிகள் தர வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. மக்ஸி போக்ஸ் 160 செ.மீ. உயரத்தோடு 1987 முதல் 14 பருவங்கள் ஆடினார். ஐந்தடி ஒன்பதங்குல ஐசேயா தாமஸ், 2011 டிராஃப்டில் கடைசியான 60ஆவது பெயராக அழைக்கப்பட்டு, 2016–17இல் ஆட்டத்துக்குச் சராசரி 28.9 புள்ளிகள் எடுத்தார். ஆனால் 2023இல் என்சிஏஏ போட்டியில் ஒரே ஆட்டத்தில் 19 அசிஸ்ட் கொடுத்துச் சாதனை படைத்த கான்சஸ் ஸ்டேட்டின் உயரம் குறைந்த கார்ட் மார்க்விஸ் நோவெலை டிராஃப்டில் யாரும் அழைக்கவில்லை. பந்தை வைத்து ஆடும்போது உயரக் குறைவை வேகத்தாலும் கண்ணாலும் ஈடுகட்டலாம். தடுக்கும்போது முடியாது. எதிரணி திரும்பத் திரும்ப ஸ்கிரீன் போட்டு, தன் உயரமான ஆட்டக்காரரைக் குறைந்த உயரக்காரர் மேல் ஏவிவிடும். பிளேஆஃபில் அது இன்னும் கடுமையாகும். ஆகவே என்பிஏவைப் பொறுத்தவரை வாய்ப்பு மிகமிகக் குறைவு என்பதே நேர்மையான விடை.

ஆனால் உயரம் இருந்தால் போதும் என்பதும் உண்மையில்லை. ஜப்பானின் யூகி டோகாஷி, 167 செ.மீ., 2014–15 பருவத்தில் டெக்சஸ் லெஜண்ட்ஸ் என்ற அமெரிக்க வளர்ச்சி லீக் அணியில் ஆடினார். பஞ்சாபிலிருந்து வந்த ஏழடி இரண்டங்குல சத்னாம் சிங், 2015 டிராஃப்டில் 52ஆவது பெயராக டல்லஸால் எடுக்கப்பட்டு, அடுத்த பருவத்தில் அதே லெஜண்ட்ஸ் அணிக்கு வந்தார். இருவரும் என்பிஏ பருவ ஆட்டம் ஒன்றில்கூட இறங்கவில்லை. டோகாஷி நாடு திரும்பினார். 2019இல் ஜப்பானின் பி.லீக்கில் ஆண்டுக்கு பத்துக் கோடி யென் ஒப்பந்தம் பெற்ற முதல் ஜப்பானியரானார். அவர் திரும்பிப் போன நாட்டில் அவருக்கென ஓர் இடம் காலியாக இருந்தது. அந்த இடத்தை எது காலியாக வைத்திருந்தது என்பதுதான் நம் கேள்வி.

இனி நம் மலேசியாவுக்கு வருவோம். லாங் ஐலண்ட் பல்கலைக்கழகத்தின் ஜேசன் பிரிக்மன், ஆறடியைத் தொட்டும் தொடாத பாயிண்ட் கார்ட். 2013–14இல் ஆட்டத்துக்குப் பத்து அசிஸ்ட் என்ற சராசரியோடு அமெரிக்கக் கல்லூரிகளில் முதலிடம் பிடித்தார். மொத்தம் 1,009 அசிஸ்டோடு, என்சிஏஏ முதல் பிரிவு வரலாற்றில் ஆயிரத்தைத் தாண்டிய நான்காவது வீரரானார். 2014 டிராஃப்டில் அவர் பெயர் வரவில்லை. 2015–16இல் அவர் வந்து சேர்ந்த இடம் வெஸ்ட்போர்ட்ஸ் மலேசியா டிராகன்ஸ். அந்தப் பருவத்தில் டிராகன்ஸ், சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸை 3–2 என்று வென்று ஆசியான் கூடைப்பந்து லீக்கின் கோப்பையைக் கைப்பற்றியது. உயரம் போதாமல் அமெரிக்கக் கல்லூரியோடு நின்றுபோன பாயிண்ட் கார்டுக்கு மலேசியாவில் வாழ்வு கிடைத்தது என்று இதைச் சொல்லலாம், உண்மைதான். அவர் எந்த வாசல் வழியாக வந்தார் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையாகும்.

2009இல் தொடங்கிய ஆசியான் லீக், வெளி ஆட்டக்காரர்களை இரண்டு வகையாகப் பிரித்தது. எந்த நாட்டவரும் வரக்கூடிய உலக இம்போர்ட் ஒரு வகை. தென்கிழக்காசிய நாட்டவரும், பெற்றோர் வழியில் இந்த மண்ணோடு தொடர்புள்ளவரும் வரக்கூடிய ஆசியான் அல்லது ஹெரிட்டேஜ் இம்போர்ட் இன்னொரு வகை. ஓர் அணிக்கு எத்தனை பேர் என்பது பருவத்துக்குப் பருவம் மாறியது, பிரிவு மாறவில்லை. இதன் சூட்சுமத்தைக் கவனியுங்கள். இரண்டாம் வகையில் வருபவருக்கு, அவர் ஆடும் நாட்டோடு உறவு இருக்க வேண்டியதில்லை. பிலிப்பினோ வம்சாவளியினரான பிரிக்மன், கோலாலம்பூர் அணிக்கு ஆட அந்த வம்சாவளியே போதுமானது. அதே கோப்பை அணியில் ஆடிய மேத்யூ ரைட்டும் கனடாவில் வளர்ந்த பிலிப்பினோ வம்சாவளியினர். ஆசியான் ஆட்டத்தின் தரத்தை உயர்த்தவே இந்த ஏற்பாடு என்பதே எப்போதும் சொல்லப்பட்ட காரணம். தரம் உயர்ந்தது. யாருடைய தரம் என்று கேட்கும்போதுதான் விளக்கம் தடுமாறுகிறது.

ஒரு பயிற்சியாளர் இந்த விதியை எப்படிப் பயன்படுத்துவார் என்று யோசித்தால் இயக்கம் புரியும். கூடைக்கு அடியில் நிற்கும் உயரமான ஆள் தென்கிழக்காசியாவில் அரிது. எனவே உலக இம்போர்ட் இடங்கள் பெரும்பாலும் அவர்களுக்கே போகும். ஹெரிட்டேஜ் வகையில் கிடைப்பவர்களில் பலர் பிரிக்மனைப் போலவோ ரைட்டைப் போலவோ கார்டுகளும் விங் ஆட்டக்காரர்களும். அமெரிக்கக் கல்லூரியில் நான்கு ஆண்டு பயிற்சி பெற்ற அவர்களிடம்தான் பந்து கொடுக்கப்படும். எஞ்சிய இடங்கள் உள்ளூராருக்கு. அதாவது, உயரம் குறைந்த ஒரு மலேசியப் பையன் போட்டியிடக்கூடிய ஒரே இடத்துக்கு, அவனைவிட நல்ல பயிற்சி பெற்ற, அவனைப் போன்ற உயரமே உள்ள ஒருவரைக் கொண்டுவர விதியே வழி செய்கிறது. முதல் வகை அவனைப் பாதிக்காது, உயரமானவர்களோடு அவனுக்குப் போட்டியே இல்லை. இரண்டாம் வகை அவன் நாற்காலியில் இன்னொருவரை உட்கார வைக்கிறது. வெளியே ‘நம்மவர்’ என்று அறிவிக்கப்படும் ஒருவர் அந்த இடத்தில் இருப்பதால், அதை இழப்பு என்று யாரும் கணக்கெழுதுவதுமில்லை.

ஜப்பான் வேறு வழியில் போனது. அங்கே டோகாஷியும் யூகி கவாமுராவும் வளர்ந்த ஆண்டுகளில், ஒரே நேரத்தில் களத்தில் நிற்கும் வெளிநாட்டவர் எண்ணிக்கைக்கு வரம்பு இருந்தது. அணிகள் அந்த இடங்களை உயரமானவர்களுக்கே செலவழித்தன. பந்து ஜப்பானியக் கார்டுகளின் கையில் தங்கியது. 2022இல் டோக்காய் பல்கலைக்கழகத்தை விட்டுத் தொழில்முறைக்கு வந்த கவாமுரா, 2022–23இல் பி.லீக்கின் மிகச் சிறந்த வீரர். 2023 உலகக் கோப்பையில் ஃபின்லாந்துக்கு எதிராக 25 புள்ளிகள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரான்ஸைக் கூடுதல் நேரம் வரை இழுத்த ஆட்டத்தில் 29. அந்த ஆண்டே ஐந்தடி எட்டங்குல உயரத்தோடு மெம்பிஸ் அணியில் இருவழி ஒப்பந்தம் பெற்று 22 என்பிஏ ஆட்டங்களில் இறங்கினார். ஜப்பான் தன் தேசிய அணியில் பின்னர் குடியுரிமை பெற்றவருக்கான ஒரே இடத்தையும் ஜோஷ் ஹாக்கின்சன் என்ற உயரமானவருக்கே கொடுத்தது. பிலிப்பீன்ஸின் பிபிஏவில் ஆண்டின் ஒரு கோப்பையில் இம்போர்ட்டே கிடையாது. அங்கே ஐந்தடி ஏழங்குல ஜானி அபாரியென்டோஸ் 1996இல் மிகச் சிறந்த வீரரானார், பின்னர் ஐந்தடி ஒன்பதங்குல ஜிம்மி அலபாக்கும் அதே விருதைப் பெற்றார். எதிர்த்திசைக்கு உதாரணம் தென்கொரியா. 2018–19 பருவத்தில் அணியின் இரு வெளிநாட்டவரில் ஒருவர் 200 செ.மீ.க்கும் மற்றவர் 186 செ.மீ.க்கும் மேல் இருக்கக் கூடாது என்று அந்நாட்டு லீக்கான கேபிஎல் விதித்தது. 202.1 செ.மீ. என்று அளக்கப்பட்ட டேவிட் சைமன் வெளியேற நேர்ந்தது. ஆட்டம் வேகமாகும் என்பது லீக்கின் வாதம். விளைவாக, அமெரிக்காவின் உயரம் குறைந்த கார்டுகளுக்கென ஒரு வாசல் திறந்தது. அதே வாசல் கொரியக் கார்டின் இடத்தில் திறந்தது. விதி ஒரே பருவத்தில் கைவிடப்பட்டது.

இதற்கு மறுப்புகள் உண்டு, அவற்றில் நியாயமும் உண்டு. சிறந்தவரோடு பயிற்சி செய்தால் உள்ளூர்ப் பையன் கற்றுக்கொள்வான் என்பது முதலாவது. கற்றுக்கொள்வான், ஆனால் பாயிண்ட் கார்ட் வேலையின் சாரம் கடைசி ஐந்து நிமிடத்தில் முடிவெடுப்பதில் இருக்கிறது. அந்த நிமிடங்களைப் பெஞ்சில் இருந்து பார்ப்பவனுக்கு அது வாய்க்காது. பாதுகாப்பு கொடுத்தால் சோம்பல் வளரும் என்பது இரண்டாவது. ஜப்பானியக் கார்டுகள் ஒவ்வோர் ஆட்டத்திலும் வெளிநாட்டுப் பெரிய ஆட்களின் கைகளைத் தாண்டித்தான் பந்து போட்டார்கள். அவர்களுக்கு எளிதான எதிரி கிடைக்கவில்லை, பந்து மட்டும் கிடைத்தது. மலேசியாவில் அந்தத் தரத்தில் கார்டே இல்லை, பிறகு யாருக்கு இடம் ஒதுக்குவது என்பது மூன்றாவது, வலுவானதும் அதுவே. 1979லும் 1989லும் தென்கிழக்காசியப் போட்டிகளில் தங்கம் வென்ற நாடு இது. பிலிப்பீன்ஸ் அந்தக் காலத்தில் தன் தொழில்முறை வீரர்களை அனுப்பவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் தன் பையன்களின் கையில் பந்தைக் கொடுத்து வென்ற அனுபவம் நமக்கு இருக்கிறது. தரம் வந்த பிறகு இடம் தருவோம் என்பது, இடம் கிடைத்தால் மட்டுமே வளரும் தரத்தை ஒருபோதும் வரவிடாத வாதம்.

பினாங்குக்கு இதில் தனி அக்கறை உண்டு. மலேசியாவில் கூடைப்பந்தின் வேர் சீனப்பள்ளிகளில் இருக்கிறது. தமிழ்ப்பிள்ளைகளுக்கு அந்தத் திடல் எளிதில் கிடைப்பதில்லை. குகனேஸ்வரன் பத்துமலை, சத்தியசீலன் குப்புசாமி ஆகியோர் அதே டிராகன்ஸ் அணியின் சீருடையில் ஆசியான் லீக்கில் ஆடியது, அந்தத் திடல் நமக்கும் உரியது என்பதற்குச் சான்று. அந்த லீக்கின் வழக்கமான பருவம் 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் நின்றது. 2023இல் நெகிரி செம்பிலான் மெட்ரிக்ஸ் பங்கேற்ற அழைப்புப் போட்டியாக அது ஒருமுறை திரும்பியது. எனவே பல்கலைக்கழகத்தில் ஆடும் ஒரு பையனுக்கு மாநில அணியும் மாநிலங்களுக்கிடையே நடக்கும் சுக்மா போட்டியும் இன்றைக்குக் கைக்கெட்டும் படிகள். அதற்கு மேல் ஒரு வட்டார லீக் மீண்டும் கட்டப்படும்போது, ஹெரிட்டேஜ் இடத்தை முழுக்க நீக்கச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு கால்பகுதியிலும் குறிப்பிட்ட நிமிடங்களுக்குக் களத்தில் ஓர் உள்நாட்டுக் கார்ட் இருக்க வேண்டும் என்ற ஒற்றை வரி போதும். எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் விதிக்கும் நிமிடங்களைக் கட்டுப்படுத்தும் விதிக்கும் உள்ள வேறுபாடுதான், உயரம் குறைந்த பையனின் பெஞ்சுக்கும் களத்துக்கும் உள்ள வேறுபாடு.

மீதிக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

மே மாதக் கெடு ஆசிய அணிகளில் ஆடுவதைத் தடுக்குமா? தடுக்காது, அது என்சிஏஏ தகுதியை மட்டுமே சார்ந்தது.

அமெரிக்கக் கல்லூரிக்குப் போகாத மலேசியர் டிராஃப்டுக்குத் தகுதி பெறுவாரா? 22 வயதாகும் ஆண்டில் தானாகவே பெறுவார், ஆனால் தகுதி என்பது அழைப்பு அல்ல.

ஹெரிட்டேஜ் வீரர் தேசிய அணியிலும் ஆடலாமா? கடவுச்சீட்டை 16 வயதுக்கு முன் பெற்றிருந்தால் தடையில்லை, பின்னர் பெற்றால் ஃபீபா அனுமதிக்கும் ஒரே ஓர் இடத்துக்குத்தான். பிலிப்பீன்ஸுக்கு ஆடிய ஜோர்டன் கிளார்க்சனுக்கு அதுவே நேர்ந்தது.

2025இல் மலேசியக் கால்பந்தை ஃபிஃபா தண்டித்ததும் இந்த ஹெரிட்டேஜ் ஏற்பாடும் ஒன்றா? இல்லை, அங்கே ஃபிஃபா குற்றமாகக் கண்டது போலி ஆவணங்களை.

கடிதம் எழுதிய பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உங்கள் மகனின் உயரத்தைச் சுவரில் குறித்துக்கொண்டிருப்பதால் எதுவும் மாறாது. அவனை அழைக்கும் அணியிடம், அவனுடைய இடத்தில் வெளியிலிருந்து யாரைக் கொண்டுவர விதி இடம் தருகிறது என்று கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள், அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.