‘பாவி’யும் ‘பாவம் செய்தவ’ரும்: கிறித்துவச் சமயத்தில் குற்றமும் தன்மதிப்பும்

முன்னுரை

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் 1924ஆம் ஆண்டில் எழுந்த சீயோன் லுத்தரன் பேராலயம், தமிழ் மெதடிஸ்ட் ஆலயம், கத்தோலிக்கரின் பாத்திமா அன்னை ஆலயம் ஆகியன ஒன்றுக்கொன்று நடந்து செல்லும் தொலைவில் உள்ளன. கிள்ளான் நகரில் லூர்து அன்னை ஆலயம் அமைந்துள்ளது. இவற்றின் வழிபாட்டு முறைகள் வேறுபடினும், பாவ அறிக்கை எல்லாவற்றுக்கும் பொதுவானது. தமிழ் வழிபாட்டில் மக்கள் தம் குற்றத்தைத் தாய்மொழியிலேயே சொல்லி மன்னிப்பு வேண்டுகின்றனர். அவ்வாறு குற்றத்தை ஒப்புக்கொள்பவர் தம்மையும் மதிப்பற்றவராகக் கருத வேண்டுமா? கிறித்துவச் சமயம் இவ்வினாவிற்குத் தரும் விடையைத் தமிழ் இலக்கணத்தின் துணைகொண்டு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் காலமும்

பெயர்ச்சொல் காலம் காட்டாது. தொழிலோடு ஒட்டிவரும் பெயரே காலம் காட்டும் என்பது தொல்காப்பியச் சொல்லதிகாரம் வகுத்த விதி. இதன்படி ‘பாவி’ என்பது காலம் காட்டாப் பெயர். நேற்றும் இன்றும் நாளையும் அச்சொல் ஒருவரை ஒரே நிலையில் நிறுத்துகிறது. ‘பாவம் செய்தவர்’ என்னும் தொடரிலோ ‘செய்தவர்’ என்னும் வினையாலணையும் பெயர் இறந்தகாலத்தை உணர்த்துகிறது. செயல் நிகழ்ந்தது உண்மை. அதற்குப் பொறுப்பானவரும் அவரே. எனினும் அச்செயல் அவருடைய வாழ்வின் ஒரு பகுதியே என்பதைத் தொடரின் அமைப்பே காட்டிவிடுகிறது.

மறைநூற் சான்றுகள்

மனிதன் இறைவனின் சாயலில் படைக்கப்பட்டான் என்று ஆதியாகமம் முதல் அதிகாரம் கூறுகிறது. மனிதன் பாவத்தில் வீழ்ந்து, வெள்ளப்பெருக்கும் வடிந்தபின், ஒன்பதாம் அதிகாரத்தில் கொலை விலக்கப்படுகிறது. அங்கும் அச்சாயலே காரணமாகச் சுட்டப்படுகிறது. எனவே, மனித மதிப்பு நன்னடத்தையால் ஈட்டப்படுவதன்று என்பதும், தீச்செயலால் முற்றும் அழிவதன்று என்பதும் பெறப்படும்.

லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில் வரும் இளைய மகன், தான் மகன் எனப்படத் தகுதியற்றவன் என்றும், தன்னைக் கூலியாளாக ஏற்க வேண்டும் என்றும் சொல்லத் திட்டமிடுகிறான். தந்தையின் முன் முதற்பகுதியை மட்டுமே சொல்கிறான். கூலியாளாக்கும்படி அவன் கேட்குமுன்பே உயர்ந்த ஆடையும் மோதிரமும் காலணியும் கொண்டுவரப்படுகின்றன. மகன் தன் குற்றத்தைச் சரியாகவே உணர்ந்தான். தன் மதிப்பைப் பற்றி அவன் கொண்ட முடிவையே தந்தை ஏற்கவில்லை.

அந்நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் ஆயக்காரன் தன்னைப் பாவி என்றே கூறிக்கொள்கிறான். அச்சொல் அங்கு இரக்கம் வேண்டும் மன்றாட்டாக நிற்கிறது. பிறர் அவன்மேல் இட்ட முத்திரையாக அன்று. நம்பிக்கை கொண்டவர் ஒரே வேளையில் நீதிமானாகவும் பாவியாகவும் இருக்கிறார் என்று மார்ட்டின் லுத்தர் (1483–1546) விளக்கியதும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

தமிழ் மரபில்

எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ (1894), ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட நூலைத் தழுவியது. பனியனின் பயணி முதுகில் சுமையோடு புறப்படுகிறான். சிலுவையின் முன் சுமை கழன்று விழுகிறது. பயணி தொடர்ந்து நடக்கிறான். சுமையும் சுமப்பவனும் வேறு என்பதை இவ்வுருவகம் தெளிவாக்குகிறது. தமிழ்க் கத்தோலிக்கரின் வழக்கில் ‘பாவசங்கீர்த்தனம்’ என்ற பழஞ்சொல்லை அடுத்து ‘ஒப்புரவு’ என்ற சொல் வந்திருப்பதும் கருதத்தக்கது. முன்னது பாவத்தை எடுத்துரைப்பதைக் குறித்தது. பின்னது உறவு மீள்வதைக் குறிக்கிறது.

வேறுபாட்டின் எல்லை

இவ்வேறுபாட்டைக் குற்றத்திற்குச் சாக்காகக் கொள்ளுதல் பிழை. சகேயு தான் அநியாயமாகப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித்தர முன்வந்தான் (லூக்கா 19). மன்னிப்பின் பெயரால் பாதிக்கப்பட்டவரின் முறையீட்டை மூடிவிடுவது இப்போதனைக்கு முரணானது. இறைவனின் சாயல் அவருக்கும் உரியதன்றோ! மேலும், குற்றத்தை ஒப்புக்கொண்டால் எல்லாம் போய்விடும் என அஞ்சுபவரே அதை மறைக்கிறார். தம் மதிப்பு நிலையானது என்று அறிந்தவருக்கு உண்மையைச் சொல்லவும் இழப்பை ஈடுசெய்யவும் துணிவு பிறக்கிறது. ஆகவே தன்மதிப்பு, பொறுப்புணர்வுக்கு அடிப்படையாகிறது.

முடிவுரை

சமய எல்லையைக் கடந்தும் இக்கருத்து பயன்தரும். சக மாணவரின் பணத்தை எடுத்த மாணவனிடம் ‘நீ திருடன்’ என்பதற்கும் ‘நீ திருடினாய்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழாசிரியர்களாகிய நாம் நன்கறிவோம். ‘திருடினாய்’ என்னும் வினைமுற்று குற்றத்தைச் சிறிதும் குறைப்பதில்லை. ஆனால், எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மீண்டும் வகுப்பில் அமர அம்மாணவனுக்கு இடம் தருகிறது.