பழைய ஸ்விச்சும் புதிய ஸ்விச்சும்

பெங்களூர் நீலசந்திராவின் கடைகளில், தமிழில் கேட்பவருக்குத் தமிழிலும் கன்னடத்தில் கேட்பவருக்குக் கன்னடத்திலும் விடை கூறும் வணிகரைக் காணலாம். ஈதர்நெட் வலையில் இணைந்துள்ள ஸ்விச்சுகளும் ஏறத்தாழ இவ்வாறே பழகுகின்றன.

இரு ஸ்விச்சுகளுக்கிடையே இரண்டு கேபிள்கள் இருப்பின், ஒன்று அறுந்தாலும் மற்றது உதவும். ஆயின், இத்தனை முறை கடந்தபின் அழிந்துவிடுக என்னும் குறிப்பு ஈதர்நெட் செய்திக் கட்டில் இல்லை. எல்லோருக்கும் விடுக்கப்படும் கட்டு ஒன்று வளையத்துள் புகுமாயின் ஓயாது சுழன்று பெருகி, சில விநாடிகளில் வலை முழுவதையும் அடைத்துவிடும். இதனைத் தடுக்க 1985-ஆம் ஆண்டில் டிஜிட்டல் ஈக்விப்மெண்ட் நிறுவனத்தில் ரேடியா பெர்ல்மன் அம்மையார் வகுத்த முறையே ஸ்பானிங் ட்ரீ. ஸ்விச்சுகள் தமக்குள் ஒன்றை வேராகத் தேர்ந்து, மிகுதியான பாதைகளை மடை அடைப்பதுபோல் அடைத்து வைக்கும்; ஓடும் பாதை முறிந்தால் அடைத்த மடை திறக்கும்.

1990-இல் 802.1டி என்ற பெயரில் தரப்படுத்தப்பெற்ற இம்முறையில் மடை திறக்க 30 முதல் 50 விநாடிகள் ஆகும். 2001-இல் வந்த விரைவு முறையில் (802.1டபிள்யூ) இது பெரும்பாலும் ஓரிரு விநாடிகளில் முடிந்துவிடுகிறது. புதிய ஸ்விச் தன் போர்ட் ஒன்றில் பழைய மொழியைக் கேட்டால், அந்தப் போர்ட்டில் மட்டும் தானும் பழைய மொழிக்கு இறங்கிவிடும். வளையம் உண்டாகாது, விரைவு மட்டும் அவ்விடத்தில் போய்விடும்.

இங்கு ஒரு விசேஷம் உண்டு. இரண்டிற்கும் நடுவே ஒரு ஹப் இருந்து, பழைய ஸ்விச்சை மட்டும் அகற்றினால், புதியதன் போர்ட்டில் இணைப்பு அறுபடுவதில்லை. வாடிக்கையாளர் சென்றதை அறியாத வணிகர் போல அது பழைய மொழியிலேயே நிற்கும். மீண்டும் சோதித்தறியுமாறு கட்டளையிடுதல், அல்லது கேபிளை ஒருமுறை கழற்றி மாட்டுதல் அவசியம்.

வேரைத் தேர்வதிலும் இடர் உண்டு. முன்னுரிமை எண் எல்லாவற்றிலும் 32768 என்றே விடப்பட்டிருந்தால், மிகச் சிறிய முகவரி எண் உடையதே வேராகும். பெரும்பாலும் அது பரணிலிருந்து எடுத்து மாட்டிய மிகப் பழைய பெட்டியாகவே அமைந்துவிடுகிறது! நடுநாயகமான ஸ்விச்சுக்கு 4096 என்று நாமே குறித்துவிடுதல் நன்று. பாதையின் விலையையும் ஒத்துப் பார்க்க வேண்டும். 100 மெகாபிட் பாதைக்குப் பழைய கணக்கு 19. புதிய கணக்கு 2,00,000. இரண்டும் கலந்தால் மெதுவான பாதை மலிவாகத் தோன்றி, வேகமான பாதை அடைபடக்கூடும்.

இம்முறையையே அறியாத சிறு ஸ்விச்சுகள் தாம் மிகவும் ஆபத்தானவை. அவற்றுள் சில பிறரது அறிவிப்புகளை விழுங்கிவிடும். அதனால் வளையம் யார் கண்ணிலும் படுவதில்லை. மாணவன் ஒருவன் கேபிளின் இரு முனைகளையும் ஒரே பெட்டியில் செருகினால், பள்ளியின் கணிப்பொறிகள் யாவும் ஊமையாகலாம்.

பள்ளியில் ஒரு பாடவேளை வீணாகும். வேறிடத்தில் இழப்பு பெரிது. 2002 நவம்பரில் பாஸ்டன் நகரத்துப் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையின் வலை குலைந்தது. சிறிது சிறிதாக ஒட்டி வளர்ந்த அவ்வலை, ஸ்பானிங் ட்ரீக்குப் பரிந்துரைக்கப்பட்ட ஏழு ஸ்விச்சுத் தொலைவைக் கடந்துவிட்டிருந்தது. சுமார் நான்கு நாட்கள் மருத்துவர்கள் காகிதத்திலேயே எழுதிப் பணியாற்றினர்.

தம் வலை எம்மொழியில் நிற்கிறது என்பதை அறிய விரும்பும் ஆசிரியரும் களப்பணியாளரும், வகுப்பில்லாத வேளையில் ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்கு இடையறாது ‘பிங்’ செய்தி விடுத்து, ஓடும் கேபிளைக் கழற்றி விநாடிகளை எண்ணுக. மறுமொழி உடனே திரும்பினால் விரைவு முறை இயங்குகிறது. முப்பது வரை எண்ண நேர்ந்தால், பழைய மொழி எங்கோ ஒரு போர்ட்டில் இன்னும் பேசப்படுகிறது. அந்தப் போர்ட்டைத் தேடுக.