ஊர் சுற்றிய பழைய பிஎம்டபிள்யூ... உயிர் கொடுப்பது எப்படி?

1980-ல் அறிமுகமாகி, மறுவருடமே பாரிஸ் - டக்கார் ராலியை ஜெயிச்ச ரகம், பிஎம்டபிள்யூ ஆர்80 ஜி/எஸ். பல நாடு சுற்றிய அப்படியொரு பைக் உங்கள் கைக்கு வந்தால், முதல்ல பெயின்ட் கடைக்கு ஓடாதீங்க!

இரண்டு பக்கமும் நீட்டிக்கிட்டு நிற்கும் அந்த 797.5 சிசி பாக்ஸர் இன்ஜின் லேசில் சாகாது. முதலில் வயசாவது ரப்பர்தான். புஷ்ராட் குழாய் சீல் போனால் ஆயில் கசியும். கார்புரேட்டர் டயாபிரம் கிழிந்தால் இழுவை குறையும். பிரேக் ஹோஸ் பழசானால் உயிருக்கே ஆபத்து. மூன்றையும் மாற்றிவிடுங்கள். செயின் கிடையாது, ஷாஃப்ட் டிரைவ்தான். அதனால் ஸ்ப்லைன் பற்கள் தேய்ந்திருக்கிறதா எனப் பார்த்து, கிரீஸ் வையுங்கள்.

அடுத்து, கஸ்டமைஸ். சீட், ஹேண்டில்பார், ஹெட்லைட் என எதை மாற்றினாலும், பழையதைத் திரும்ப மாட்ட முடியணும். பின்பக்க சப்ஃபிரேம் போல்ட்டில்தான் நிற்கிறது. சின்ன சீட்டுக்கு ஆசைப்பட்டு அதை அறுக்காதீங்க. கழற்றிப் பத்திரப்படுத்திட்டு, வேறொன்றைப் பொருத்துங்க.

டேங்க்குக்குள் துரு இல்லையென்றால், வெளியே இருக்கும் நசுங்கலையும் கீறலையும் அப்படியே விட்டுடுங்க. அது போய்வந்த ஊர்களுக்கு அதுதானே சாட்சி!