பூச்சியே இல்லை, ஆனால் ஊர்கிறதே! தோல் செய்யும் அதிசயம் தெரியுமா?

இடது கையை மடியில் வைத்து விரல்களை விரியுங்கள். பத்தே விநாடி, வேறெங்கும் பார்க்காமல் அந்தக் கையையே பாருங்கள். நுனியில் குறுகுறுப்பு வந்ததா? எங்கோ லேசாகத் துடித்ததா? எதுவும் தொடவில்லை, எதுவும் கடிக்கவில்லை, ஆனாலும் தோலில் ஏதோ நடக்கிறது! பிரான்ஸில் ஜார்ஜ் மிஷேல், ஜனிக் நவத்தர் என்ற இரு ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியதுதான். சும்மா கையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கே ஊறல், சூடு, குத்தல் என்று விதவிதமான உணர்வுகள் வந்தன. விரல் நுனிகளில்தான் அதிகம்!

தோலிலிருந்து செய்தி ஓயாமல் போய்க்கொண்டேதான் இருக்கிறது. மூளை அதில் பெரும்பகுதியைக் கண்டுகொள்வதில்லை, அவ்வளவுதான். கண்டுகொள்ள ஆரம்பித்துவிட்டால்?

அப்படி ஆரம்பித்துவிட்டவர்கள் நம்மிடையே ஏராளம். சுருக்கென்று கடிக்கிறது, விளக்கைப் போட்டுப் பார்த்தால் ஒன்றுமில்லை. முதுகில் ஊர்கிறது, உதறினால் ஒன்றுமில்லை. மெத்தையை வெயிலில் போடுகிறார்கள், போர்வையைக் கொதிநீரில் அலசுகிறார்கள், ஆள் வைத்து வீடு முழுக்க மருந்து அடிக்கிறார்கள். இரவு மறுபடி ஊர்கிறது. “எங்களுக்கெல்லாம் ஒண்ணும் கடிக்கலையே, உனக்கு மட்டும் எப்படி?” என்று வீட்டில் கேட்கும்போது கூனிக் குறுகிப் போகிறார்கள். அவர்களுக்குத்தான் இதை முதலில் சொல்ல வேண்டும். நீங்கள் உணர்வது நிஜம். பூச்சிதான் காரணமா என்பது மட்டுமே கேள்வி.

இந்த நிமிடம் உங்கள் முகத்தில் நிஜமாகவே பூச்சி இருக்கிறது தெரியுமா? டெமோடெக்ஸ் என்ற நுண்ணிய உண்ணி. நீளம் சுமார் 0.3 மி.மீ. வளர்ந்த மனிதர் கிட்டத்தட்ட எல்லோர் முகத்திலும் முடிக்கால்களுக்குள் குடியிருக்கிறது. இரவானால் வெளியே வந்து தோல்மேல் நடமாடுகிறது. எட்டுக் கால்! ஆனாலும் நமக்குத் துளியும் தெரிவதில்லை. நிஜப் பூச்சி நடந்தால் உணர்வில்லை, பூச்சியே இல்லாத இடத்தில் ஊறல் தாங்க முடியவில்லை. இந்த முரணைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும்.

தொடாத இடத்தில் தொடுவது போலத் தோன்றுமா? தோன்றும்! அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் கெல்டார்டும் கார்ல் ஷெரிக்கும் 1972-இல் செய்து காட்டினார்கள். மணிக்கட்டில் வேகமாகச் சில தட்டு, உடனே முழங்கையருகே சில தட்டு. நடுவில் எங்குமே தொடவில்லை. ஆனால் கையை நீட்டியவர்களுக்கு மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை குட்டி முயல் ஒன்று துள்ளிக்கொண்டே போனது போல இருந்தது! 2006-இல் மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோது அதைவிட ஆச்சரியம். நடு முன்கையை நிஜமாகத் தொட்டால் மூளையின் எந்தப் பகுதி வேலை செய்யுமோ, அதே பகுதி தொடாதபோதும் வேலை செய்தது. “எல்லாம் உன் கற்பனை” என்று சொல்கிறவர்கள் இந்த ஒரு ஆய்வைத் தெரிந்துகொண்டால் போதும், வாய் திறக்கத் தயங்குவார்கள்.

சரி, செய்தி எங்கே தடம் மாறுகிறது? அரிப்பையும் எரிச்சலையும் சுமந்து போவது மிக மெல்லிய நரம்பிழைகள். தொடுவதைச் சொல்லும் தடித்த நரம்பில் செய்தி விநாடிக்கு 35 மீட்டருக்கு மேல் பாய்கிறது. இந்த மெல்லிய இழைகளிலோ சுமார் ஒரு மீட்டர்தான், நாம் நடக்கும் வேகம்! சர்க்கரை நோய் முதலில் தாக்குவது பெரும்பாலும் இவற்றைத்தான். இழை பழுதானால் காரணமே இல்லாமல் குத்துகிறது, எரிகிறது, ஊர்கிறது. இதில் பலருக்கும் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. நரம்பில் மின்சாரம் பாய்ச்சி வேகத்தை அளக்கும் வழக்கமான பரிசோதனை தடித்த நரம்புகளை மட்டுமே அளக்கும். மெல்லிய இழைகள் பாழாகியிருந்தாலும் அறிக்கையில் ‘நார்மல்’ என்றுதான் வரும்! கணுக்காலுக்கு மேலே 3 மி.மீ. அகலத் துணுக்குத் தோலை எடுத்து, அதிலுள்ள நரம்பிழைகளை எண்ணிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அறிக்கை சரியாக இருக்கிறது என்று சொல்லி எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள் என்று நினைக்கும்போதே மனம் பதறுகிறது.

அரிப்பது முன்கையில், கோளாறு கழுத்தில்! இதுவும் உண்டு. கழுத்தெலும்பில் நரம்பு நசுங்கினால் முன்கையின் வெளிப்பக்கம் பிய்த்தெடுக்கும். வெயில் பட்டால் கூடும். வழக்கமான களிம்புக்கு அடங்காது, ஐஸ்கட்டி வைத்தால் சட்டென்று அடங்கும். அப்படி அடங்குவதையே மருத்துவர்கள் நோயின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்கள். தோள்பட்டைக்குக் கீழே கை எட்டாத இடத்தில் ஆண்டுக்கணக்காக அரிக்கிறதா? அதுவும் பெரும்பாலும் முதுகுத்தண்டு நரம்பின் வேலைதான்.

இரவில் படுத்ததும் காலுக்குள் புழு நெளிவது போல, நீட்டவும் முடியாமல் மடக்கவும் முடியாமல், எழுந்து நடந்தால் மட்டும் தணிகிறதா? லண்டன் மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1672-லேயே இதை எழுதி வைத்தார்! அதன்பின் ஏறக்குறைய மறந்தே போனது. 1945-இல் ஸ்வீடன் நரம்பியல் மருத்துவர் கார்ல் ஆக்செல் எக்போம் விரிவாக எழுதிய பிறகுதான் மருத்துவ உலகம் கவனித்தது. இதே எக்போம்தான் 1938-இல், உடம்பில் பூச்சி குடியேறிவிட்டது என்று அசைக்க முடியாமல் நம்பும் நோயாளிகளைப் பற்றியும் எழுதினார். ஊறல் நரம்பில் தொடங்குவதையும் நம்பிக்கையில் முடிவதையும் ஒரே மனிதர் விவரித்திருக்கிறார், இரண்டுக்கும் அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்!

கால் ஊறலுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, மூளைக்கு இரும்புச்சத்து போதாமை. ஹீமோகுளோபின் சரியாக இருக்கும், கையிருப்பு மட்டும் வற்றியிருக்கும். அதனால்தான் அந்தக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்க்கச் சொல்கிறார்கள். ஆய்வுக்கூட அறிக்கை 30 என்றாலும் சரி என்றே காட்டும். இந்தக் கோளாறு உள்ளவர்களுக்கோ 75-க்குக் கீழே இருந்தாலே இரும்புச்சத்து கொடுத்துப் பார்ப்பது வழக்கம். அறிக்கையைக் கையில் வாங்கியதும் அந்த எண்ணைப் பாருங்கள், பக்கத்தில் ‘நார்மல்’ என்று போட்டிருந்தாலும்! சைவ உணவுக்காரர்களுக்கு பி12 குறையலாம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல ஆண்டுகள் சாப்பிட்டவர்களுக்கும் குறையலாம். தைராய்டு, சிறுநீரகம், கல்லீரல், மாதவிலக்கு நிற்கும் பருவம், புதிதாகத் தொடங்கிய மாத்திரை, குடியைத் திடீரென்று நிறுத்திய முதல் சில நாள்... ஒவ்வொன்றுக்கும் ஊறலோடு தொடர்புண்டு. கர்ப்பிணிக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் இரவில் அரித்தால் தள்ளிப்போடவே கூடாது. அது கல்லீரலில் பித்தம் தேங்குவதன் அறிகுறியாக இருக்கலாம், குழந்தைக்கு ஆபத்து.

நம் ஊர் வேலியில் படரும் பூனைக்காலிக்கு அரிப்பு ஆராய்ச்சியில் பங்குண்டு என்றால் நம்புவீர்களா? அதன் காய்மேல் இருக்கும் சுணை பட்டால் உயிரே போகிற அரிப்பு. அந்தச் சுணையைத்தான் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் அரிப்பை வரவழைத்துச் சோதிக்கப் பயன்படுத்துகிறார்கள்! ஒவ்வாமை மாத்திரைக்கு அடங்காத வகை அரிப்பு ஒன்று உண்டு என்பதைப் புரிந்துகொள்ள உதவியதும் இதுதான். இதே பூனைக்காலியின் விதையில் எல்-டோப்பா இருக்கிறது என்று 1937-இல் பிரித்தெடுத்துக் காட்டியவர்கள் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் கூடத்தில் இருந்த தாமோதரனும் ராமசாமியும். பிற்காலத்தில் அந்த எல்-டோப்பா பார்க்கின்சன் நோய்க்கு மருந்தானது, எக்போம் சொன்ன கால் ஊறலையும் ஒரே இரவில் தணித்தது. காயில் அரிப்பு, விதையில் அமைதி! ஆனால் பூனைக்காலிப் பொடியை வாங்கி நீங்களாகச் சாப்பிட வேண்டாம். நாள்பட எடுத்தால் இந்த மருந்தே ஊறலை முன்பைவிட மோசமாக்குகிறது என்பது பின்னால் தெரிந்தது.

இனி நிஜப் பூச்சியின் கதை. சொறி சிரங்குக்குக் காரணம் ஒரு நுண்ணிய பூச்சி என்று இத்தாலிய மருத்துவர் ஜொவான்னி பொனோமோ 1687-லேயே படம் வரைந்து காட்டிவிட்டார். மருத்துவ உலகம் ஏற்கவில்லை. 1812-இல் பாரீஸில் கலேஸ் என்பவர் தானும் கண்டதாக அறிவித்தார். அவர் காட்டிய படத்தில் இருந்தது பாலாடைக்கட்டியில் வளரும் பூச்சி என்று பின்னால் ரஸ்பாய் என்பவர் அம்பலப்படுத்தியதும், சிரங்குப் பூச்சி என்பதே கட்டுக்கதை என்று பல மருத்துவர்கள் முடிவு கட்டினார்கள். 1834 ஆகஸ்டில் பாரீஸ் செயின்ட் லூயி மருத்துவமனைக்கு வந்தார் சிமோன் ரெனூச்சி என்ற மாணவர், கோர்சிகா தீவுக்காரர். கொப்புளத்தைக் குத்தவில்லை. அதிலிருந்து சற்றுத் தள்ளி, மெல்லிய கோடாக ஓடும் வளையின் முனையில் ஊசியை நுழைத்தார். நுனியில் ஒரு வெண்புள்ளி ஒட்டிக்கொண்டு வந்தது. நகர்ந்தது! இந்த வித்தையை அவர் கற்றது எந்தப் பேராசிரியரிடமும் அல்ல, ஊரில் இப்படிப் பூச்சி எடுத்துப் பழகிய ஏழைப் பெண்களிடம். பெண்களுக்குத் தெரிந்திருந்ததை ஏற்க மருத்துவத்துக்கு நூற்றைம்பது ஆண்டு ஆகியிருக்கிறது.

ஆகவே ‘பூச்சி இல்லை’ என்பதையும் பார்த்த பிறகுதான் சொல்ல வேண்டும். சிரங்குப் பூச்சி முதன்முறை ஏறினால் அரிப்பு தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகும். சாதாரணமாக உடம்பு முழுக்க இருப்பதே பத்துப் பதினைந்து பூச்சிதான். விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புள் பக்கம் தேட வேண்டும். மருந்து பூசிப் பூச்சி செத்த பிறகும் இரண்டு முதல் நான்கு வாரம் அரிப்பு நீடிக்கும். இது தெரியாமல் மறுபடி மறுபடி மருந்தைப் பூசித் தோலைப் புண்ணாக்கிக்கொள்பவர்கள் உண்டு. இன்னொன்று, அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் அவசியம் கவனிக்க வேண்டியது: ஏசி பெட்டிக்குப் பின்னாலோ ஜன்னல் மேலோ புறாக்கூடு இருக்கிறதா? குஞ்சுகள் பறந்துபோனதும், கூட்டில் இருக்கும் உண்ணிகள் பசியோடு வீட்டுக்குள் நுழைந்து மனிதரைக் கடிக்கும். மனித உடம்பில் அவை குடியேறாது. கூட்டை அகற்றிச் சுத்தம் செய்தால் தொல்லை தீரும்.

ஊறல் தாங்காமல் சுரண்டியெடுத்த துணுக்குகளைத் தீப்பெட்டியில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோவதற்கு ஒரு மருத்துவப் பெயரே இருக்கிறது தெரியுமா? ‘தீப்பெட்டி அடையாளம்’ என்று 1983-இல் லான்செட் இதழ் சூட்டியது. எனக்கு அந்தப் பெயரில் வருத்தம் உண்டு. தீப்பெட்டியைக் கண்டதுமே மனநோய் என்று முடிவு கட்டிவிடுகிற பழக்கம் அதனால் வந்துவிட்டது. அதைத் திறந்து, நுண்ணோக்கியில் வைத்து, நோயாளிக்கும் காட்டுவதல்லவா முறை? அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் அப்படிச் செய்தது. தோலிலிருந்து நூலிழைகள் வருகின்றன என்று சொன்ன கலிபோர்னியாக்காரர்கள் 115 பேரை ஆராய்ந்து 2012-இல் முடிவை வெளியிட்டது. ஒட்டுண்ணியோ தொற்றோ கிடைக்கவில்லை. இழைகள் பெரும்பாலும் துணியிலிருந்து ஒட்டிய பருத்தி. ஆனால் அவர்கள் பட்ட பாடு உண்மை, பலருடைய வாழ்க்கையே குலைந்திருந்தது என்பதையும் அதே ஆய்வு பதிவுசெய்தது.

சோதனையெல்லாம் முடிந்தும் பூச்சி இருக்கிறது என்ற எண்ணம் விலகவே இல்லை என்றால், அதற்கும் மருந்து உண்டு, நன்றாகவே வேலை செய்கிறது. மனநல மருத்துவரிடம் போவதில் எந்தக் குறைவும் இல்லை. வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடாதது இரண்டு: “ஆமாம், எனக்கும் தெரியுது” என்று ஒத்து ஊதுவது, “உனக்குப் பைத்தியம்” என்று வெட்டிப் பேசுவது. “உனக்கு ஊர்றது தெரியுது, என்ன காரணம்னு சேர்ந்து பார்ப்போம்” என்றால் போதும்.

அன்றாடம் சமாளிக்க? மண்ணெண்ணெய், எறும்புப் பொடி, பினாயில் எதையும் உடம்பில் தடவவே கூடாது. அவையே தோலை எரித்துப் புதிய ஊறலை உண்டாக்கும். வெந்நீர்க் குளியல் வேண்டாம். குளித்து ஈரம் காயுமுன் தேங்காயெண்ணெயோ பூச்சுக் களிம்போ தடவுங்கள். குளிர்ந்த ஈரத்துணி, பருத்தி உடை, மென்தால் கலந்த லோஷன் எல்லாம் கைகொடுக்கும். புதினாவின் மென்தால் நரம்பிலுள்ள குளிர் உணரும் வாயிலைத் திறப்பதால் அரிப்பு அமுங்குகிறது! நரம்பு அரிப்புக்கு ஒவ்வாமை மாத்திரை அவ்வளவாகக் கேட்காது. கபாபென்டின் போன்ற நரம்பு மருந்தை மருத்துவர் தருவார். எந்த நேரத்தில், எந்த இடத்தில், என்ன சாப்பிட்ட பிறகு என்று குறித்துக்கொண்டு போனால் காரணத்தைப் பிடிப்பது பாதி சுலபம்.

இதைப் படித்துக்கொண்டே எத்தனை முறை சொறிந்தீர்கள்? ஜெர்மனியில் கீஸன் நகரில் அரிப்பைப் பற்றி ஒரு சொற்பொழிவு வைத்து, பேன், தெள்ளுப்பூச்சிப் படங்களைத் திரையில் காட்டிக் கூட்டத்தைப் படம்பிடித்தார்கள். கூட்டமே சொறிந்தது! மென்மையான தோல் படங்களைக் காட்டியதும் சொறிவது குறைந்தது. ராத்திரி ஊறல் எடுக்கும்போது கைபேசியில் பூச்சிப் படம் தேடுவது எவ்வளவு கெடுதல் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே ஜெர்மனியில் லூபெக் நகரில் 2013-இல் வந்த ஆய்வு இன்னும் விந்தை. வலது முன்கையில் ஊசி போட்டு அரிப்பை வரவழைத்தார்கள். இரு கைகளுக்கும் நடுவே கண்ணாடி. கண்ணாடியில் தெரிவது இடதுகையின் பிம்பம், மூளைக்கோ அது வலதுகை. அரிக்காத இடதுகையைச் சொறிந்தார்கள், அரித்த வலதுகையில் அரிப்பு தணிந்தது! புண்ணாகிப்போன கையைத் தொடாமலே ஆற்றிக்கொள்ள வழி. வீட்டுக் கண்ணாடியை மேசைமேல் இரு கைகளுக்கும் நடுவே நிறுத்தி, அரிக்காத கையை வேறொருவரைச் சொறியச் சொல்லி நீங்களும் செய்து பார்க்கலாம். சொறிகிற கையில் நகம் ஒட்ட வெட்டியிருக்கட்டும்.