நெய்தவன் திருடனா?

கமண்டல நாகநதிக் கரையிலுள்ள ஆரணி பட்டு நெசவினால் பேர்பெற்ற ஊர். அத்தகைய ஊர்களின் நெசவாளரைக் குறித்துக் கவலை கொள்வோர் அவசியம் பார்க்க வேண்டிய படம் ஒன்று உண்டு. அண்டை நகரின் கதையைக் கூறும் ‘காஞ்சிவரம்’ என்பதே அது. பிரியதர்ஷன் இயக்கிய இப்படம் 2007ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்குரிய தேசிய விருதைப் பெற்றது. வேங்கடம் என்னும் நெசவாளியாக நடித்த பிரகாஷ்ராஜும் சிறந்த நடிகராகத் தெரிந்தெடுக்கப்பட்டார்.

இது ஒரு திருட்டின் கதை. வேங்கடம் தன் மகளுக்குக் கலியாணத்தில் பட்டுப் புடவை உடுத்துவதாக வாக்களிக்கிறான். வாங்கும் கூலியோ வயிற்றுக்கே போதவில்லை. சிறுகச் சேர்த்த பணமும் தங்கையின் புருஷனுக்குப் போய்விடுகிறது. பின்னர், முதலாளியின் தறிக்கூடத்திலிருந்து பட்டிழையை வாயில் அடக்கிக் கொண்டுவந்து, இரவில் ஒளித்து நெய்யத் தொடங்குகிறான்.

திருட்டைப் பொருளாகக் கொண்ட மேனாட்டுப் படங்களுள் 1955இல் வெளிவந்த ‘ரிஃபிஃபி’ புகழ் வாய்ந்தது. பாரிஸ் நகரத்து நகைக்கடையை நால்வர் கொள்ளையிடும் காட்சி சுமார் அரைமணி நேரம் பேச்சும் இசையும் இன்றி நடைபெறுகிறது. அதன் இயக்குநர் ஜூல்ஸ் தாசின், கம்யூனிஸ்டு என்ற காரணத்தால் ஹாலிவுட்டில் ஒதுக்கப்பட்டவர். தோழர்களைக் காட்டிக் கொடுப்பவன் வேஷத்தை அவரே ஏற்று நடித்தது கவனிக்கத்தக்கது. களவைக் காட்டிலும் துரோகமே கொடிது என்பது அப்படத்தின் உட்பொருள்.

‘காஞ்சிவர’த்தின் உட்பொருளும் அதுவே. வேங்கடம் சக தொழிலாளரைத் திரட்டி வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்குகிறான். ஆனால் தறி நின்றால் இழை கிடையாது. இழையின்றேல் புடவை முற்றுப்பெறாது. ஆகவே, வேலைக்குத் திரும்பும்படி தோழர்களைத் தானே தூண்டுகிறான். நெசவாளியை வெறும் பரிதாபத்துக்குரியவனாகக் காட்டாமல், பாசத்தினால் பொதுக் காரியத்தைக் கைவிடும் மனிதனாகக் காட்டியதே படத்தின் பெருமை. முடிவில், வாயிலிருந்த இழை வெளிப்பட்டு அவன் சிறை செல்கிறான். மகளின் சடலத்தைப் போர்த்தவும் அந்த அரைகுறைப் புடவை போதவில்லை.

பட்டையும் ஜரிகையையும் நிறுத்துக் கொடுத்து, நெய்த புடவையை நிறுத்து வாங்கிக் கூலி தரும் முறை பட்டு நெசவு ஊர்கள் நன்கறிந்தது. அத்தராசு இழையின் எடையை அறியும். உழைப்பின் எடையை அறியாது. ஓர் இழை குறைந்தால் கேள்வி எழுகிறது; கூலி குறைந்தால் கேட்பார் யார்? இழையை எடுத்தவனுக்குச் சிறையுண்டு. உரிய கூலியைப் பிடித்துக்கொள்வதற்கோ வியாபாரம் என்றே பெயர்!

களவை நாம் ஆதரிக்கவில்லை. தனியொருவன் ஒளித்து நெய்தது பாதியில் நின்றது என்பதே படம் தரும் பாடம். கூட்டுறவுச் சங்கமும் நியாயமான கூலியுமே முழுப் புடவையை நெய்து தர வல்லவை. ஆரணிப் பட்டை உடுத்திப் பெருமை கொள்வோர், அதை நெய்தவர் வீட்டுப் பெண்ணும் மணநாளில் பட்டுடுத்தும் நிலை வர வேண்டுமென்று விரும்புவாராக.