மணியும் கயிறும்: கேமன்ஸ் கேற் மணிக்கோபுரம் பற்றிய ஒரு குறிப்பு

கொழும்புப் புறக்கோட்டையில், பிரதான வீதியும் நான்காம் குறுக்குத் தெருவும் சந்திக்குமிடத்தை அண்டி, பழையதொரு மணிக்கோபுரம் தனித்து நிற்கின்றது. கொட்டாஞ்சேனைக்குப் போவோரும் வருவோரும் நாள்தோறும் அதனைக் கடப்பினும், நின்று நோக்குவோர் மிகச் சிலரே. ஒல்லாந்தர் காலத்து நகர மதிலின் வாசல்களுள் ஒன்று இவ்விடத்தில் இருந்தது. ‘கேமன்’ என்பது முதலையைக் குறிக்கும் சொல். அக்காலத்திலே பேரை வாவியிலும் அதனைச் சார்ந்த நீர்நிலைகளிலும் முதலைகள் மலிந்திருந்தமையால் வாசல் இப்பெயர் பெற்றது. இக்கோபுரத்தின் சமூகப் பொருளை விளங்கிக்கொள்வதற்கு, அதனை அமைத்தோர் தம் தாயகத்தில் மணிகளை எவ்வாறு பயன்படுத்தினர் என்பதை முதலில் நோக்குதல் வேண்டும்.

ஒல்லாந்திலும் அதன் அயலிலுள்ள பிளாண்டேர்சிலும் வளர்ந்த இசைக்கருவி கரிலோன் ஆகும. சுருதி சேர்க்கப்பட்ட வெண்கல மணிகள், குறைந்தது 23, கோபுரத்தின் உச்சியில் அசையாது பொருத்தப்பட்டிருக்கும். கீழே அமர்ந்திருக்கும் கலைஞர் மரக்கட்டைகளை முட்டிக்கையாலும் காலாலும் அழுத்துவார்; அவற்றோடு இணைந்த கம்பிகள் மணியின் நாக்கை இழுத்து ஒலியெழுப்பும். மணிகளை நுட்பமாகச் சுருதி சேர்க்கும் வித்தை 1644இல் சுட்ஃபென் நகரத்து மணிகளை வார்த்த ஹெமனி சகோதரரால் கைவரப்பெற்றது. அவர்களுக்கு அறிவு துணை நின்றவர் உட்ரெக்ட் நகர மணியிசைஞரான யாக்கோப் வான் ஐக் என்னும் பார்வையற்ற கலைஞர். 1649இல் அந்நகர யான்ஸ் ஆலயத்தார் அவருடைய ஊதியத்தை உயர்த்தியபோது, ஆலய முற்றத்திலே மாலையில் உலாவுவோருக்கு இடையிடையே குழலிசைத்து மகிழ்வூட்ட வேண்டுமென நிபந்தனை விதித்தனர். உலாவுதற்கு ஓய்வும், கேட்பதற்கு முற்றமும், கலைஞனுக்குக் கொடுப்பதற்குப் பணமும் வாய்த்ததொரு வணிக வர்க்கம் அங்கு உருவாகியிருந்தது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. இம்மரபு இன்றும் அற்றுப்போகவில்லை. பேர்லினின் தீயர்கார்ட்டன் பூங்காவில் 1987இல் எழுப்பப்பட்ட கோபுரத்தில் 68 மணிகள் உள்ளன. அவற்றை நகருக்கு வழங்கியது டைம்லர்-பென்ஸ் மோட்டார் நிறுவனம். புரவலர் மாறினும் புரவலரின் வர்க்கம் பெரிதும் மாறிவிடவில்லை!

ஆயினும் அந்நாடுகளின் மணிகள் எல்லோருக்கும் இன்னிசை வழங்கினவென்று கொள்ளுதல் பேதைமை. 14ஆம் நூற்றாண்டிலேயே பிளாண்டேர்சையும் வட பிரான்சையும் சார்ந்த துணிநெசவு நகரங்களில், தொழிலாளர் வேலை தொடங்கும் நேரத்தையும் விடும் நேரத்தையும் அறிவிக்கத் தனி மணிகள் ஏற்பட்டமையை ழாக் லெ கோஃப் எடுத்துக்காட்டியுள்ளார். திருச்சபையின் காலம் வணிகனின் காலத்துக்கு இடங்கொடுத்த வரலாறு அது. தமிழில் ‘மணி’ என்னும் ஒரு சொல்லே கருவியையும் நேர அளவையும் குறிப்பது, காலத்தை நாமும் ஒலியினாலேயே அறிந்து வந்தோம் என்பதற்குச் சான்று எனலாம்.

வான் ஐக்கின் ஊதியம் உயர்ந்து ஏழாண்டுகள் கழித்து, 1656இல், ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றியது. கேமன்ஸ் கேற்றில் அக்கம்பனியார் தொங்கவிட்டது ஒற்றை மணி. அதுவும் அவர்கள் வார்த்ததன்று. கோட்டேயில் போர்த்துக்கேயர் கட்டிய புனித பிரான்சிஸ் ஆலயத்தின் இடிபாடுகளிலிருந்து எடுக்கப்பட்டது. ஓர் ஆதிக்கத்தின் கொள்ளைப்பொருளை அடுத்த ஆதிக்கம் தன்னுடைமையாக்கிக்கொண்டது. 1757இல் திறக்கப்பட்ட வூல்வெண்டால் தேவாலயத்து வழிபாட்டுக்கு அம்மணி அழைத்தது. இரவிலோ விளக்கணைத்து வீடடங்குமாறு நகரத்தாருக்குக் கட்டளையிட்டது. கம்பனியின் அடிமைகள் இரவில் அடைக்கப்பட்ட பேரை வாவித் தீவு, இன்றைய கொம்பனித்தெரு, ஆங்கிலத்தில் அடிமைத் தீவு என்றே பெயர்பெற்றது. தாயகத்திலே பல மணிகள் கூடிய இசை. குடியேற்ற நாட்டிலே ஒற்றை மணியின் ஆணை. கம்பனி கொழும்பில் வேண்டி நின்றது இரசிகரையன்று, அடங்கியிருப்போரையே.

இதற்கு முற்றிலும் மாறான மணியொன்று நம் மரபில் உண்டு. அநுராதபுரத்தில் ஆண்ட எல்லாளன் தன் படுக்கையின் தலைமாட்டில் மணி கட்டி, நீதி வேண்டுவோர் இழுக்கும்படி நீண்ட கயிற்றை வெளியே விட்டிருந்தான் என மகாவம்சம் கூறுகின்றது. தேர்க்காலில் கன்றை இழந்த பசு மணியடித்த கதை அங்கும் உண்டு, சோழநாட்டு மனுநீதிச் சோழன் மரபிலும் உண்டு. சிங்களவரும் தமிழரும் பொதுவாகப் போற்றும் இக்கதையை அப்படியே வரலாறாகக் கொள்ளவேண்டியதில்லை. நிலவுடைமை அரசு தன்னைப் பற்றித் தானே வரைந்த அழகிய சித்திரம் அது. மணியை இழுத்தது வரி செலுத்திய உழவனாக அன்றிப் பசுவாக இருப்பதும் தற்செயலன்று. எனினும், கயிறு ஆளப்படுவோர் கையில் இருத்தல் வேண்டும் என்ற எதிர்பார்ப்பை அக்கதை காத்து வைத்திருக்கிறது.

மக்கள் மணியை இழுத்தபோதெல்லாம் அது நீதிக்காகவே ஒலித்தது என்றும் கூறிவிட முடியாது. 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு. மீகெட்டுவத்தை குணானந்த தேரரின் கொட்டாஞ்சேனை விகாரையை நோக்கிப் பௌத்த ஊர்வலம் ஒன்று வந்துகொண்டிருந்தது. புனித லூசியா ஆலயத்தின் மணி அவசரமாக ஒலிக்க, அயலிலுள்ள கத்தோலிக்க ஆலய மணிகளும் தொடர்ந்து ஒலித்தன. நெற்றியில் சிலுவை தீட்டிய கூட்டம் தடிகளோடு திரண்டது, கலகம் மூண்டது. இங்கே மோதிக்கொண்டவை மேளமும் மணியும். மேளத்தைப் பொறுத்தவரை, 1865ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டம் நகரங்களில் அதனை அடிக்க அனுமதிச்சீட்டு வேண்டுமென விதித்திருந்தது. குதிரைகளை வெருளச் செய்யும் இசை என்ற சொற்றொடரும் அச்சட்டத்தில் உண்டு. வழக்குகள் கைவிடப்பட்டமையால் மனங்கொதித்த பௌத்தர்களின் குறைகளை எடுத்துரைக்க 1884இல் ஒல்கொட் இலண்டன் சென்றார். 1885இல் வெசாக் அரசாங்க விடுமுறையாயிற்று. அவ்வெசாக்கிலேயே கொட்டாஞ்சேனை விகாரையில் பௌத்தக் கொடி ஏற்றப்பட்டது. ஒரே துறைமுகத்தையும் ஒரே சந்தையையும் நம்பி வாழ்ந்த ஏழை மக்கள், எவர் ஒலி தெருவை ஆள்வது என்பதற்காக ஒருவரையொருவர் தாக்கிக்கொண்டனர். அவ்விரு திறத்தாரின் உழைப்பிலிருந்தும் ஆதாயம் பெற்ற ஆங்கிலேய அரசோ நடுநிலை நீதிபதியாகத் தோற்றங்காட்டியது.

இன்று கேமன்ஸ் கேற் கோபுரத்தின் அடியால் நாட்டாமிகள் வெங்காய மூட்டைகளையும் துணிப் பொதிகளையும் கைவண்டிகளில் ஏற்றித் தள்ளிச் செல்கின்றனர். கடை எப்போது பூட்டப்படுமோ, அதுவரை அவர்களுக்கு வேலை. வழிவிடுமாறு அவர்கள் எழுப்பும் குரலே அச்சந்தியில் உரத்துக் கேட்கும் ஒலி.