வசூல்காரர் ‘செட்டில்மெண்ட்’ பேசினால் என்ன செய்வது?



மூன்று மாதத்துக்கு முன் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சந்தா, உள்கடன் எல்லாம் எழுதி நோட்டை மூடியாகிவிட்டது. ஒரு உறுப்பினர் மட்டும் எழுந்திருக்கவில்லை. "மேடம், ஒரு விஷயம் கேக்கணும்" என்றார்.

அவருடைய வீட்டுக்காரருக்குக் குடல் ஆபரேஷன். ஆஸ்பத்திரி பில்லைக் கட்ட ஒரு நுண்நிதி நிறுவனத்தில் 40,000 ரூபாய் கடன் வாங்கினார். வீட்டுக்காரர் வேலைக்குப் போக முடியாததால் தவணை நின்றுபோனது. இப்போது வசூலுக்கு வருகிறவர், "மொத்தம் 28,000 நிக்குது. இந்த வாரத்துக்குள்ள 20,000 கட்டிடுங்கம்மா, மீதிய தள்ளுபடி பண்ணிடுறோம்" என்கிறாராம்.

"8,000 மிச்சம்தானே மேடம்? பத்து வட்டிக்காவது வாங்கிக் கட்டிடட்டுமா?"

இதே கேள்வி நம்மில் பலருக்கு இருக்கிறது. வெளியே சொல்லத்தான் வெட்கப்படுகிறோம். அதனால் அவருடைய சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல் எழுதுகிறோம்.

முதலில் கணக்குச் சீட்டு

வாயால் சொல்லும் தொகையை நம்பி முடிவு எடுக்கக் கூடாது. அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, அபராதம் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதிக் கேளுங்கள். நாங்கள் கேட்டு வாங்கியபோது இப்படி இருந்தது: அசல் 22,000, வட்டி 3,500, அபராதம் 2,500. நம்முடைய கடன் அட்டையில் உள்ள வரவோடு இதை ஒத்துப் பாருங்கள். கட்டிய தவணை விடுபட்டிருக்கலாம். தாமதத்துக்குப் போடும் அபராதத்தின் மேல் மறுபடி வட்டி போடக் கூடாது என்று 2023-ல் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டிருக்கிறது.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். கடன் கொடுக்கும்போதே பல நிறுவனங்கள் இன்சூரன்ஸுக்கும் பணம் பிடிக்கின்றன. கடன் வாங்கியவரோ, அதில் சேர்க்கப்பட்ட கணவரோ இறந்திருந்தால், செட்டில்மெண்ட் பேசுவதற்கு முன் அந்த இன்சூரன்ஸ் என்ன ஆயிற்று என்று கேளுங்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது?

இதுதான் முக்கியமான கேள்வி. கையில் சொந்தப் பணம் இருந்தால் 8,000 ரூபாய் உண்மையிலேயே மிச்சம். பத்து வட்டிக்கு வாங்கினால்? 20,000-க்கு மாதம் 2,000 ரூபாய் வட்டி. நாலே மாதத்தில் மிச்சம் பிடித்த 8,000 வட்டியாகவே போய்விடும். அசல் 20,000 அப்படியே நிற்கும். பழைய கடனாவது நிறுவனத்துக் கடன், கேள்வி கேட்க ரிசர்வ் வங்கி இருக்கிறது. புதுக் கடனுக்கு வீட்டு வாசலில் ஆள் வந்து நிற்கும். ஒரு கடனை அடைக்க அதைவிடக் கொடிய கடனை வாங்குவது செட்டில்மெண்ட் ஆகாது.

‘செட்டில்டு’ வேறு, ‘குளோஸ்டு’ வேறு

முழுதும் கட்டி முடித்தால் சிபில் போன்ற கடன் பதிவேடுகளில் ‘குளோஸ்டு’ என்று பதிவாகும். குறைத்துக் கட்டினால் ‘செட்டில்டு’ என்று பதிவாகும். ‘சொன்னபடி முழுதும் கட்டவில்லை’ என்று அதற்குப் பொருள். நாளைக்கு மாட்டுக் கடன், வீட்டுக் கடன் என்று வங்கிக்குப் போனால் இதைப் பார்ப்பார்கள். குழுவாகப் பொறுப்பேற்று வாங்கிய கடன் என்றால் கூட இருக்கும் உறுப்பினர்களையும் பாதிக்கலாம். ஆகவே அவர்களிடமும் பேசிவிட்டு முடிவு செய்யுங்கள்.

எப்போது சம்மதிக்கலாம்?

வருமானம் இனி பழையபடி வராது என்ற நிலையில், கையில் கொஞ்சம் சொந்தப் பணமோ, விற்கக்கூடிய ஆடோ கோழியோ இருந்தால், செட்டில்மெண்ட் நல்ல வழிதான். கடன் பதிவில் குறை இருந்தாலும் தலைமேல் பாரம் இறங்குகிறது. மாதம் ஒரு சிறு தொகை கட்ட முடியும் என்றால், தவணையை நீட்டித் தரச் சொல்லிக் கேட்பதே மேல்.

சம்மதித்தால் கவனிக்க வேண்டியவை

1. நிறுவனத்தின் கடிதத் தாளில், கடன் எண், கட்ட வேண்டிய தொகை, தேதி, "இதோடு பாக்கி இல்லை" என்ற வாசகம் எல்லாம் எழுதி வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள்.

2. வசூல்காரர் கையில் ரொக்கம் கொடுக்க வேண்டாம். ஆபீசிலோ, நிறுவனத்தின் வங்கிக் கணக்கிலோ கட்டி ரசீது வாங்குங்கள்.

3. கட்டிய பின் பாக்கியில்லாச் சான்றும், வெறும் செக்கோ பத்திரமோ கொடுத்திருந்தால் அதையும் திரும்ப வாங்குங்கள்.

4. படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். சாதாரணக் கடனுக்கு வழக்குப் போட மூன்று வருஷம்தான் கெடு. அதற்குள் ஒரு பகுதியைக் கட்டினாலோ, பாக்கி உண்டு என்று எழுதிக் கொடுத்தாலோ அந்த மூன்று வருஷம் மறுபடி முதலிலிருந்து ஓடும்.

தாலுகா சட்டப் பணிகள் குழு மூலம் லோக் அதாலத்தில் வைத்தும் பேசி முடிக்கலாம். கட்டணம் கிடையாது. அங்கே எழுதும் முடிவு கோர்ட் தீர்ப்புக்குச் சமம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. போன் எண் 15100.

மிரட்டினால்?

பயத்தில் எடுக்கும் முடிவு தப்பாகப் போகும். 2022-ல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, நுண்நிதிக் கடன் வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் தொந்தரவு செய்யக் கூடாது. தகாத வார்த்தை பேசுவது, சொந்தக்காரர்களைத் தொல்லை செய்வது, பெயரை வெளியில் போடுவது எல்லாமே தப்பு. முதலில் நிறுவனத்துக்குப் புகார் எழுதுங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448. "போலீஸ்ல சொல்லி உள்ள தள்ளிடுவேன்" என்பார்கள். தவணை கட்ட முடியாமல் போனது மட்டும் குற்றம் ஆகாது. ஆனால் செக் கொடுத்து அது திரும்பியிருந்தால் வழக்கு வரலாம், உடனே சட்ட உதவி கேளுங்கள்.

தனியார் வட்டிக்காரர் என்றால், தமிழ்நாட்டில் 2003-லேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது. மூன்று வருஷம் வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். தனியாகப் போகப் பயமாக இருந்தால் குழுவாகப் போய்ப் புகார் கொடுங்கள்.

அந்த உறுப்பினர் என்ன செய்தார்?

குழுத் தலைவியும் இரண்டு உறுப்பினர்களும் அவரோடு நிறுவனத்தின் ஆபீசுக்குப் போனார்கள். ஆபரேஷன் சீட்டையும் காட்டி, "கட்ட மாட்டோம்னு சொல்லல சார், தவணைய சின்னதாக்கிக் குடுங்க" என்று மனு கொடுத்தார்கள். இரண்டு தடவை அலைந்த பிறகு அபராதம் 2,500-ஐ விட்டுக் கொடுத்தார்கள். பாக்கி 25,500 ரூபாய், மாதம் 1,500 வீதம் 17 தவணை. கட்டி முடித்தால் கடன் முழுதும் முடிந்ததாகப் பதிவு செய்கிறோம் என்று எழுதியும் கொடுத்தார்கள். இரண்டு தவணை கட்டியாகிவிட்டது. "20,000 கட்டியிருந்தா குறைச்சல்தான், ஆனா அந்த 20,000 என்கிட்ட இல்லையே மேடம்" என்றார். அவர் சொன்னது சரியான கணக்கு.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

- நம் குழுவில் ஆஸ்பத்திரிச் செலவுக்காக வெளியில் கடன் வாங்கியவர்கள் எத்தனை பேர்?
- அவசர மருத்துவச் செலவுக்கு உள்கடனில் ஒரு பகுதியை ஒதுக்கித் தீர்மானம் போட முடியுமா?
- முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை எல்லோரிடமும் இருக்கிறதா? குடும்ப வருமானம் வருஷம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் கிடைக்கும். இதைச் சிகிச்சை தொடங்கும்போதே காட்ட வேண்டும்.

வசூல்காரர் இன்று வந்து நாளைக்குள் பதில் கேட்டால், "குழுவில பேசிட்டுச் சொல்றேன்" என்று சொல்லுங்கள்.